டெவன்ஷயர் டியூக்கைத் தேடி டெவனுக்குப் போகாதீர்கள்

இங்கிலாந்துப் பிரபுக்களைப் பற்றிப் படிக்கும்போது முதலில் காலை வாரிவிடுவது பட்டத்தில் இருக்கும் ஊர்ப்பெயர்தான். டெவன்ஷயர் டியூக்கின் ஊர், இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் (டெவன்ஷயர் என்பதும் அதுதான்) அல்ல. அவருடைய சாட்ஸ்வொர்த் மாளிகை, அங்கிருந்து வெகுதூரம் வடக்கே டெர்பிஷயரில் இருக்கிறது. சரி, டெர்பி என்றே பட்டம் வாங்கியிருக்கலாமே? அது 1485 முதல் ஸ்டான்லி குடும்பத்தின் கையில். 1618இல் இந்தக் குடும்பத்து வில்லியம் கேவண்டிஷுக்குக் கிடைத்தது டெவன்ஷயர் ஏர்ல் பட்டம் (ஏர்ல், டியூக்கைவிடக் கீழ்ப்படி). 10,000 பவுன் கொடுத்து வாங்கினார் என்பார்கள். 1694இல் அவர் சந்ததி டியூக் ஆனது.

இதைவிடப் பெரிய குழப்பம், 'டெவன் ஏர்ல்' என்ற இன்னொரு பட்டத்தால் வருவது. அது கோர்ட்னி குடும்பத்தினுடையது. அவர்கள் உண்மையிலேயே டெவனில், பவுடரம் கோட்டையில் இருப்பவர்கள். 1553இல் ராணி மேரி அதை எட்வர்ட் கோர்ட்னிக்குக் கொடுத்தார். மூன்றே வருடத்தில் அவர் பிள்ளையில்லாமல் இறந்தார். பட்டம் ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அரச சாசனத்தில் 'ஆண் வாரிசுகள்' என்று மட்டும் இருந்தது. 'அவருக்குப் பிறந்த' என்ற வழக்கமான வார்த்தை இல்லை. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, பங்காளி வழி வந்த ஒரு கோர்ட்னி உரிமை கேட்க, 1831இல் பிரபுக்கள் சபையும் சரி என்றது. வாரிசு இல்லை, பட்டம் போயிற்று என்று எழுதும் முன் சாசனத்தின் வாசகத்தைப் பாருங்கள். டெவனையும் டெவன்ஷயரையும் ஒரே வம்சாவளியில் சேர்த்துவிடவும் வேண்டாம்.

அப்புறம், டெவன்ஷயர் டியூக்கின் மூத்த மகனை வழக்கமாக 'ஹார்ட்டிங்டன் மார்க்விஸ்' என்பார்கள் (மார்க்விஸ், டியூக்குக்கு அடுத்த படி). அது மரியாதைக்காக அழைப்பது. அப்பா இருக்கும்வரை சட்டப்படி மகன் சாதாரணக் குடிமகன்தான். அதனால்தான் பின்னாளில் எட்டாவது டியூக் ஆனவர், ஹார்ட்டிங்டனாக மக்கள் சபையிலேயே உட்கார்ந்திருந்தார். 1880 முதல் 1882 வரை இந்தியாவுக்கான அமைச்சராகவும் இருந்தார். மார்க்விஸ் என்று பார்த்ததும் பிரபுக்கள் சபையில் அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

'கேவண்டிஷ் டியூக்' என்று எழுதுவதும் தவறு. கேவண்டிஷ் குடும்பப் பெயர், டெவன்ஷயர் பட்டப் பெயர். ஹைட்ரஜனை ஆராய்ந்த ஹென்றி கேவண்டிஷ் இரண்டாவது டியூக்கின் பேரன், ஆனால் டியூக் ஆனதே இல்லை. ஆறாவது டியூக்கின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த் கண்ணாடிக் குடிலில் வளர்த்த வாழைக்கும் குடும்பப் பெயரைத்தான் வைத்தார்கள். நம் பழக்கடைகளில் ஜி9 என்று தொங்கும் தாரும் அந்தக் கேவண்டிஷ் வகைதான்.