முதுகு ஆபரேஷன் முடிந்த நாய்க்குப் பிசியோதெரபி: புது நர்ஸ்களுக்குப் படிப்படியாக

பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வரும் டாஷ்ஹண்டைப் பார்க்காத நாய் ஆஸ்பத்திரி இருக்காது. முந்தின நாள்வரை சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்திருக்கும். இந்த மாதிரிக் குட்டைக்கால் இனங்களில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் இளம் வயதிலேயே காய்ந்து கெட்டிப்பட்டுவிடும். ஒருநாள் அதில் ஒன்று பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கும். பிதுங்கியதை எடுப்பது சர்ஜன் வேலை. அப்புறம் வரும் வாரங்கள் பெரும்பாலும் நர்ஸ் கையில்தான். இந்த ஒரு கேஸை ஒழுங்காகக் கவனிக்கப் பழகிவிட்டால், எலும்பு முறிவு, முழங்கால் லிகமென்ட் கேஸ்களுக்கும் கை தயாராகிவிடும்.

பிசியோதெரபி என்றதும் லேசர், தண்ணீர் டிரெட்மில் என்று மெஷின்கள்தான் நினைவுக்கு வரும். அவை இல்லாமலே தொடங்கலாம். தடிமனான மெத்தை, வழுக்காத ரப்பர் பாய், நீளமான துண்டு ஒன்று, ஐஸ் பேக், ஒரு நோட்டு. இவ்வளவுதான்.

படி 1: அனுமதியும் எல்லையும்

எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எது கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பிரிட்டனில் பதிவு பெற்ற வெட்டர்னரி நர்ஸ்கூட டாக்டரின் வழிகாட்டுதலில்தான் சிகிச்சை தர முடியும். இந்தியாவில் 1984-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில் செய்யும் சிறு சிகிச்சைகளோடு உதவியாளர்களை நிறுத்திவிடுகிறது. கேஸ் ஷீட்டில் இன்னொன்றையும் பாருங்கள்: ஆபரேஷனுக்கு முன் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளியபோது நாய்க்கு வலி தெரிந்ததா? தெரிந்திருந்தால் பெரும்பாலான நாய்கள் மறுபடி நடந்துவிடும். தெரியவில்லை என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். வீட்டுக்காரர்களிடம் என்ன நம்பிக்கை கொடுக்கலாம் என்பது இதை வைத்துத்தான்.

படி 2: வலியை அளந்துவிட்டுத் தொடுங்கள்

கிளாஸ்கோ வலி அளவுகோலின் குறும்படிவம் ஒன்று போதும்; நாயின் நடத்தையைப் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடும் தாள் அது. அதில் மொத்தம் 24 மதிப்பெண். நடக்க முடியாத நாய்க்கு நடை பற்றிய பகுதியை விட்டுவிடுவதால் 20-க்குத்தான் கணக்கு. 5 அல்லது அதற்கு மேல் வந்தால் பயிற்சியைத் தள்ளிப்போட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வலியோடு இருக்கும் நாயின் காலை மடக்கினால் அடுத்த நாள் உங்களைக் கண்டதுமே உடம்பை இறுக்கிக்கொள்ளும்.

படி 3: படுக்கையும் மூத்திரப்பையும்

இது பிசியோதெரபியா என்று கேட்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் முதல் பாடம். படுத்தே கிடக்கும் நாயை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் இடுப்பு எலும்பு துருத்தும் இடத்தில் புண் வந்துவிடும். அப்புறம் அந்தப் பக்கமாகப் படுக்க வைத்து எந்தப் பயிற்சியும் தர முடியாது.

மூத்திரப்பையைப் பொறுத்தவரை புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. படுக்கை நனைந்திருந்தால் நாய் தானாகவே மூத்திரம் போகிறது என்று எழுதிவிடுவார்கள். பை நிரம்பி வழிந்தாலும் படுக்கை நனையும். கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பின்னங்காலுக்குச் சற்று முன்னால், வயிற்றின் இரண்டு பக்கமும் உள்ளங்கையைத் தட்டையாக வையுங்கள். நிரம்பிய பை, தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி கைக்குள் நழுவும். இரண்டு கையாலும் மெதுவாக, விடாமல், வால் பக்கமாக அழுத்த வேண்டும். விரல் நுனியால் குத்தக் கூடாது. எதிர்த்து நின்றால் மல்லுக்கட்டாதீர்கள், பை கிழிந்துவிடலாம். டாக்டர் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்காமல் இதைத் தனியாகச் செய்யவே வேண்டாம். பழகிய பிறகு ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை.

படி 4: ஐஸ், பிறகு மசாஜ்

முதல் 2, 3 நாள் தையல் பகுதியில் துணி சுற்றிய ஐஸ் பேக்கை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். உணர்ச்சி குறைந்த தோல் உறைந்தாலும் நாய் சொல்லாது. அதனால் நடுநடுவே தூக்கித் தோலைப் பாருங்கள். மசாஜுக்கு 5 நிமிடம் போதும். பாதத்திலிருந்து இதயத்தை நோக்கி நீளமாக நீவி விடுங்கள். தையலுக்குப் பக்கத்தில் போக வேண்டாம்.

படி 5: மூட்டுகளை அசைத்தல்

நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மேலே இருக்கும் காலில் தொடங்குங்கள். கால் தொங்காமல் பாயிலிருந்து உடம்பின் உயரத்துக்கே தூக்கிப் பிடிக்க வேண்டும். விரல்கள், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டாக வாருங்கள். ஒரு கை மூட்டுக்கு மேலே, இன்னொரு கை கீழே. அசைக்கும் மூட்டைத் தவிர மற்றவை சும்மா இருக்கட்டும். மெதுவாக மடக்கி, லேசான தடை தெரியும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, அதே வேகத்தில் நீட்டுங்கள். ஒரு மூட்டுக்கு 10 முதல் 15 தடவை, ஒரு நாளைக்கு 3 வேளை. அதற்கு அப்புறம் முழுக்காலையும் சைக்கிள் ஓட்டுவதுபோல் சுற்றலாம்.

கண் உங்கள் கையில் இருக்க வேண்டாம், நாயின் முகத்தில் இருக்கட்டும். உதட்டை நக்குவது, காதைப் பின்னால் இழுப்பது, திரும்பி உங்கள் கையைப் பார்ப்பது, திடீரென மூச்சை நிறுத்துவது ஆகியவை எல்லாம் 'போதும்' என்று அர்த்தம். மூட்டு இன்னும் மடங்கும் என்று உங்களுக்குத் தோன்றினாலும் அங்கேயே நிறுத்துங்கள். இதனால் தசை வளராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் இதன் வேலை. தசைக்கு நாய் தானாக நின்றாக வேண்டும்.

விரலிடுக்கைக் கிள்ளினால் கால் வெடுக்கென்று மடங்கும். வீட்டுக்காரர் "உணர்ச்சி வந்துவிட்டது!" என்று துள்ளிக் குதிப்பார். அது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகச் செய்யும் அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். நாய் தலையைத் திருப்பிப் பார்த்தாலோ முனகினாலோதான் செய்தி மூளைவரை போயிருக்கிறது. வாலும் இப்படித்தான். பின்பக்கத்தைத் தொட்டதும் ஆடினால் அதை நம்ப வேண்டாம், வீட்டுக்காரர் குரலைக் கேட்டு ஆடினால் தாராளமாக நோட்டில் எழுதுங்கள்.

படி 6: நிற்க வைத்தல்

ரப்பர் பாயில், வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிற்க வையுங்கள். பாதம் மடங்கி மேல்பக்கம் தரையில் படுகிறதா? திருப்பி, நான்கு விரலும் சரியாகத் தரையில் படும்படி வையுங்கள். துண்டை நொடி நேரம் தளர்த்துங்கள். இடுப்பு சரியத் தொடங்கும்போதே பிடித்துவிட வேண்டும், விழவிடக் கூடாது. சில நொடிகளில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். நின்று பழகியதும் இடுப்பை மெதுவாக இடமும் வலமும் தள்ளி எடையை மாற்றச் செய்யுங்கள். பிறகு அதே துண்டைப் பிடித்தபடி சில அடி நடை. வேகமாக இழுத்துப் போனால் முன்னங்காலாலேயே சமாளித்துவிடும். மிக மெதுவாகப் போனால்தான் பின்னங்காலை வைக்கத் தோன்றும்.

படி 7: தண்ணீர்

தண்ணீர் நிரப்பிய தொட்டிக்குள் பட்டை ஓடும் டிரெட்மில்லில் நாயை நடக்க வைப்பதுதான் இது. தையல் பிரித்துக் காயம் ஆறிய பிறகுதான். கணுக்கால் அளவு தண்ணீரில் நாயின் எடையில் 91 சதவீதம் கால்களில் இறங்குகிறது. முழங்கால் அளவில் 85. இடுப்பு மூட்டு அளவு நிரப்பினால் வெறும் 38. பலவீனமான நாய்க்கு உயரமான தண்ணீரில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது இதனால்தான். டிரெட்மில் இல்லாத ஊரில் படி 6-ஐயே நீட்டித்துக்கொண்டு போகலாம். நாட்கள் கூடும், அவ்வளவுதான்.

படி 8: வீட்டுக்கு அனுப்பும்போது

வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும். வீட்டுக்காரரை உங்கள் கண் முன்னால் ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள், போனில் வீடியோ எடுத்துக்கொள்ளட்டும். டாக்டர் சொன்ன காலம்வரை சோபா, மாடிப்படி, குதியாட்டம் எதுவும் கிடையாது. வழுக்கும் டைல்ஸ் தரையில் பாய் விரிக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு நின்ற நாய் நாளைக்கு நிற்கவில்லை, முதுகைத் தொட்டால் கத்துகிறது, தையலில் நீர் வடிகிறது, 12 மணி நேரமாக மூத்திரம் இல்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். இந்த நான்கையும் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.