சொண்டு வெடிப்புக்குத் தேசிக்காய் மருந்தில்லை

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் சொண்டு வெடிப்பது வழமைதான். தென்மேல் பருவக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, சூடாகவும் வறண்டும் நம் பக்கம் இறங்குகிறது. உதட்டுத் தோலின் மேற்படை மிக மெல்லியது. வியர்வைச் சுரப்பி இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லையென்றே சொல்லலாம். அதனால் முகத்துக்கு முன்பே அது காய்ந்து பிளக்கும். நக்காதே, உரிக்காதே என்று வீட்டிலேயே திட்டு வாங்கியிருப்பீர்கள். அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

தேசிக்காயும் சீனியும்

பாதித் தேசிக்காயில் சீனியைத் தொட்டுத் தேய்த்தால் செத்த தோலும் போகும், கறுப்பும் போகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, இன்னும் ஓயவில்லை. சீனிப் பரல் ஏற்கெனவே வெடித்த தோலை மேலும் கீறும். அந்தக் கீறலுக்குள் புளி இறங்கும். எரிவு அதனால்தான், 'அழுக்கு கழருது' என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

பெரிய சேதம் அதற்குப் பிறகு வெயிலில் நடக்கிறது. தேசிக்காயில், குறிப்பாகத் தோலில், ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால் தோல் வெந்துபோகும். ஆனால் அன்றே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து, சிலருக்குக் கொப்பளிக்கும். அதனால் பழி தேசிக்காயில் விழுவதில்லை, புதிதாக வாங்கிய லிப் பாமில் விழுகிறது. சிவப்பு வடிந்ததும் கறுப்புத் திட்டு வரும், கிழமைக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நிற்கும். கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் சொண்டை வெளுக்கவைக்கத் தொடங்கிய பிள்ளை, கறுத்த சொண்டோடு மணவறையில் இருக்க வேண்டி வரும். அந்தக் கறுப்பைப் போக்க மறுபடியும் தேசிக்காய் தேடுவார்கள். அதுதான் தாங்க முடியாதது.

ஏற்கெனவே தேய்த்துவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரண்டு நாளாவது வெயிலைத் தவிருங்கள். கொப்பளித்தால் வைத்தியரிடம் போங்கள். செதிலை எடுக்க வேண்டுமானால் ஈரத் துணியை மூன்று நிமிடம் சொண்டில் வைத்து ஊறவிட்டு, பெற்றோலியம் ஜெலி தடவுங்கள். தானாக விழுகிற செதில் போதும்.

குளுகுளு பாம்

மெந்தோல், கற்பூரம் கலந்த லிப் பாம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். வெடித்த சொண்டை அது உறுத்தும். உறுத்துவதால் இன்னொரு தரம் பூசுவீர்கள். மணமில்லாத பெற்றோலியம் ஜெலியே போதும்.

காய்ந்த சொண்டில் பூசுவது

ஜெலி ஈரம் தராது, இருக்கிற ஈரத்தை அடைத்து வைக்கும். ஆகவே தண்ணீர் தொட்டு, ஈரம் காயுமுன் பயறளவு எடுத்துப் பூசுங்கள். படுக்கப் போகுமுன் கட்டாயம்.

வயலிலும் கடலிலும் வெறும் ஜெலி

அது வெயிலை மறைக்காது. எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 உள்ள பாமை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பூசுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு

கடைவாயில் ஒட்டினால் சுடும். துடையுங்கள்.

வீட்டில் காய்ச்சும் பாம்

தேங்காயெண்ணெய் 24 பாகையளவில் உருகும், எங்கள் வெக்கைக்குத் தனியாக நிற்காது. 25 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் தேன்மெழுகு போடுங்கள். மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகுவதால், கொதிநீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினால் போதும். ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியில் விட்டுப் பாருங்கள்: இளகலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மெழுகு, விறைத்தால் எண்ணெய் சேருங்கள். தேன் கலக்காது, அடியில் தங்கும். தண்ணீர் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

கடைவாய் மட்டும் பிளந்தால்

பூஞ்சைத் தொற்றோ இரும்புச்சத்துக் குறைவோ இருக்கலாம், பாம் அதை ஆற்றாது. கீழ்ச்சொண்டில் மூன்று கிழமை தாண்டியும் ஆறாத சொரசொரப்பு இருந்தாலும் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள், முக்கியமாக வெயிலில் வேலை செய்பவர்கள்.