இலவச கேமில் பணம் எப்படிப் போகிறது? பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை கேமில் பணத்தைக் கொட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் நடப்பது விசாரணைதான். யாரைக் கேட்டு வாங்கினாய், எத்தனை நாளாக இது நடக்கிறது, பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்? எல்லாக் கேள்வியும் பிள்ளையை நோக்கித்தான். அந்த கேமுக்குள் இருக்கும் கடையை ஒரு தடவையாவது திறந்து பார்த்த பெற்றோர் குறைவு. என்னைக் கேட்டால் முதல் தவறே அதுதான். மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து வருபவை.

சரி, போனைப் பிடுங்குவதற்கு முன்னால் பிள்ளையையே அந்தக் கடையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பொருள்களின் விலை பெரும்பாலும் நிஜப் பணத்தில் போட்டிருக்காது. காயின், ஜெம், டைமண்ட் என்று ஏதோ ஒன்றில் இருக்கும். ஒரு பேச்சுக்கு, பிள்ளை ஆசைப்படும் ஸ்கின், அதாவது கேம் உருவத்துக்குப் போடும் உடை, 1,200 காயின் என்று வைத்துக்கொள்வோம். காயினை விற்பதோ 1,000, 2,500 என்ற கணக்கில்தான். ஆயிரம் வாங்கினால் பற்றாது. இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கினால் 1,300 மிஞ்சும். மிஞ்சியதைத் திரும்பப் பணமாக்க வழியில்லை. அடுத்த வாரம் வரும் ஸ்கின் 1,500. இன்னும் 200 தானே வேண்டும் என்று பிள்ளை கேட்கும், ஆனால் 200 மட்டும் தனியாகக் கிடைக்காது. கணக்கு சரிக்குச் சரியாக முடியக் கூடாது என்றுதான் இப்படி வைத்திருக்கிறார்கள். இதில் நிஜமாக எவ்வளவு செலவானது என்று பெரியவர்களுக்கே சட்டென்று சொல்ல வராது. விலைக்குப் பக்கத்தில் கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும், சலுகை இன்னும் சில மணி நேரம்தான் என்று. அழுகையை நிறுத்தினால் போதும் என்று அந்த அவசரத்தில் வாங்கிக் கொடுப்பது அடுத்த தவறு. பல கேம்களில் அதே பொருள் சில வாரம் கழித்துத் திரும்பவும் கடைக்கு வரும். ஒரு நாள் தள்ளிப்போட்டுப் பாருங்கள், பாதி ஆசைகள் தானாக அடங்கிவிடும்.

"அது வெறும் சட்டைதானே, அதைப் போட்டால் ஜெயித்துவிடுவாயா?" என்று சிரித்துத் தள்ளுவதும் உதவாது. இங்கிலாந்தில் குழந்தைகள் ஆணையர் 2019இல் வெளியிட்ட அறிக்கையில் பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள்: ஃபோர்ட்நைட் என்ற கேமில் காசு கொடுத்து எதுவும் வாங்காமல், ஆரம்பத்தில் கிடைக்கும் உருவத்தோடேயே ஆடுகிறவனை 'டிஃபால்ட்' என்று கேலி செய்வார்களாம். கூட்டாளிகள் எல்லோரும் புது உடையில் நிற்க, தான் மட்டும் அப்படி நிற்பது அந்த வயதில் சின்ன விஷயமில்லை. அதற்காக வாங்கித் தர வேண்டும் என்று சொல்லவில்லை. யார் கேலி செய்கிறார்கள், குழுவில் எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், பேச வேண்டியது பணத்தைப் பற்றியா, அந்த நண்பர்களைப் பற்றியா என்பது தெரியும்.

எல்லாச் செலவையும் ஒரே தட்டில் வைப்பது இன்னொரு தவறு. என்ன கிடைக்கும் என்று தெரிந்து வாங்குவது ஒன்று, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் லூட் பாக்ஸ் என்ற பரிசுப் பெட்டியை வாங்குவது வேறு. பெட்டி குலுங்கும், வெளிச்சம் பாயும், அரிய பொருள் கண்ணுக்கு முன்னால் வந்து மயிரிழையில் தப்பிப்போகும். பெல்ஜியம் 2018இல் காசு கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று வெளியிட வேண்டும் என்பதைச் சீனா 2017இலேயே கட்டாயமாக்கியது. அந்த வருடக் கடைசியில் ஆப்பிளும் தன் ஆப் ஸ்டோரில் அதே விதியைக் கொண்டுவந்தது. ஆகவே அந்த எண்ணைப் பல கேம்களில் தேடினால் கிடைக்கும். 1 சதவீதம் என்று இருந்தால், 100 பெட்டி திறந்தால் ஒன்று நிச்சயம் என்று பிள்ளை நினைக்கும். அப்படியில்லை. கேம் தனியாக உத்தரவாதம் எதுவும் தராவிட்டால், நூறு பெட்டி திறந்த பிறகும் வெறுங்கையோடு நிற்க ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு உண்டு. காகிதத்தில் 1 முதல் 100 வரை எழுதிக் குலுக்கி, எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு 7 வருகிறதா என்று ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது வேகமாக உறைக்கும்.

போன் அமைப்பு விஷயத்துக்கு வருவோம். பிள்ளையின் விரல்ரேகையும் பெற்றோர் போனில் பதிவாகியிருப்பது சர்வசாதாரணம், அவசரத்துக்குத் திறக்கட்டும் என்று பதிந்திருப்பார்கள். வாங்குவதற்கும் அதே ரேகை போதும் என்று அமைத்திருந்தால் பாஸ்வேர்டை ஒளித்துவைத்துப் பயனில்லை. முன்பு ஆப்பிளில் ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டால் அடுத்த 15 நிமிடம் கேட்காமலே வாங்க முடிந்தது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் வாங்கித் தள்ளியதற்காக, 2014இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் அந்த நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இப்போது ஒவ்வொரு தடவையும் கேட்கும்படி வைக்கலாம், பிள்ளையின் கணக்கிலிருந்து வரும் கோரிக்கை பெற்றோர் போனுக்கு வரும்படியும் செய்யலாம். ஆனால் வேலைக்கு நடுவில் என்னவென்று பார்க்காமலே 'சரி' அழுத்துகிறவர்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. கேம் கன்சோலிலும், கேமின் சொந்த இணையக் கடையிலும் போன் பூட்டு வேலை செய்யாது. அவற்றுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். கார்டைச் சேமித்தே வைக்காமல், மாதம் இவ்வளவுதான் என்று கிஃப்ட் கார்டில் போட்டுக் கொடுப்பது எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்த வழி. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அடியோடு தடை போடும் வீடுகளில் பிள்ளைகள் 'இலவச டைமண்ட்' தருவதாகச் சொல்லும் தளங்களுக்குப் போவதும் உண்டு. அங்கே கேம் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் கணக்கே பறிபோகும்.

கடைசியாக, பணம் போன பிறகு செய்யும் தவறுகள். பிள்ளை வேண்டுமென்றே செய்தது என்று முடிவு கட்டும் முன்னால் ஒரு விஷயம்: ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் மீது அதே அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்ன புகாரில், திரை லோடாகும்போது ஒரு பட்டனைத் தவறி அழுத்தினாலே பணம் போனது என்பதும் இருந்தது. 2022 டிசம்பரில் அறிவித்த உடன்பாட்டில், இப்படிப் பணம் பிடித்த புகாருக்கு மட்டும் 24.5 கோடி டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. வங்கியிடம் முறையிட்டவர்களின் கேம் கணக்கை அந்த நிறுவனம் முடக்கியது என்பதும் அதே புகாரில் உண்டு. அதனால் எடுத்த எடுப்பில் வங்கிக்கு ஓடாமல், முதலில் ஆப் ஸ்டோரிலேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது. அப்புறம் பெரும்பாலும் கேம் நிறுவனத்திடமே போகச் சொல்வார்கள். மின்னஞ்சலில் வந்த ரசீதில் ஆர்டர் எண் இருக்கும், அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் கேமை அழித்துவிட்டால் மாதச் சந்தா நிற்காது. ஸ்டோரின் சந்தாப் பக்கத்துக்குப் போய் அதைத் தனியாக ரத்து செய்தால்தான் அடுத்த மாதம் பணம் பிடிக்காமல் இருப்பார்கள்.