வியாழன் ஏன் வெள்ளைப் பொட்டாகவே விழுகிறது?

டெலஸ்கோப் வாங்கி முதல் தடவை வியாழனைப் படம் பிடிக்கிற எல்லாருக்கும் அநேகமாக ஒரே படம்தான் கிடைக்கும்: கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. எனக்கும் அப்படித்தான். டெலஸ்கோப்பின் கண்வில்லையில் வைத்த கைப்பேசி சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் போதவில்லை என்று தானாகவே எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும், கோளின் பட்டைகள் எல்லாம் வெளுத்துப்போகும். திரையில் கோள்மேல் விரலை அழுத்திப் பூட்டிவிட்டு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள், இவ்வளவு மங்கலா என்று தோன்றும்வரை. வியாழனின் நிலாக்கள் மறைந்தால் மறையட்டும், அவற்றைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

இருட்டைத் தேடி அலைவது இன்னொரு வீண்வேலை. சிங்கப்பூரில் இருக்கும் நாம் புலாவ் உபின் தீவுக்கெல்லாம் சாமானைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். நெபுலா மாதிரி மங்கலான விண்மேகங்களுக்குத்தான் இருட்டு வேண்டும், வியாழனுக்கு உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள புல்தரையே போதும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 1.35 பாகை வடக்கே, அதனால் கோள்கள் நமக்கு நன்றாக உயர ஏறும். வியாழன் ஏறும்வரை பொறுக்காமல், எதிர் புளோக் கூரைக்கு மேல் தலைகாட்டியதுமே எடுக்க ஆரம்பிப்பதுதான் தவறு.

நம் ஊரில் உண்மையான எதிரி சூடு. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடி பார்க்க அருமையான இடம், ஆனால் பகல் முழுக்க வாங்கிய வெயிலை அந்தக் கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் கக்கிக்கொண்டே இருக்கும். ஏர்கான் வெளிப்பெட்டி வரிசைக்கு மேலாகப் பார்த்தாலும் இதே கதி. கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பத்துக் காசு மாதிரி வியாழன் நெளியும், அதை எந்த மென்பொருளாலும் நிமிர்த்த முடியாது.

டெலஸ்கோப்பை ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் நம் ஈரக்காற்றில் கண்ணாடி உடனே வேர்த்துவிடும். நான் ஒருமுறை அவசரப்பட்டுச் சட்டை நுனியால் கண்வில்லையைத் துடைத்தேன், அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. துடைக்காதீர்கள். ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம், ஒற்றைப் படம் எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள். காற்று ஒரு நொடி அடங்கும், மறுநொடி கலங்கும், எந்த நொடி நல்ல நொடி என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கில் ஃபிரேம்கள் பிடித்து ஆட்டோஸ்டேக்கர்ட் என்ற மென்பொருளில் போட்டால் அது தெளிவானவற்றைப் பொறுக்கி அடுக்கித் தரும், முதல் 10, 20 விழுக்காடு போதும். ஆனால் வீடியோ இரண்டு நிமிடத்தைத் தாண்டவேண்டாம். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுகிறது, நீட்டினால் அதன்மேலுள்ள பெருஞ்செம்புள்ளி நகர்ந்து கலங்கிவிடும். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் படத்தைக் கூர்மையாக்கும்போது கை நில்லாது, எனக்கும்தான். விளிம்பில் வெங்காயச் சருகு மாதிரி வளையம் தெரிந்தால் அளவு மீறிவிட்டது, பின்வாங்குங்கள்.

பார்லோ என்ற உருப்பெருக்கும் வில்லையைச் சேர்த்துப் பெரிதாக்கினால் விவரம் கூடும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. பொதுக் கணக்கு, கேமரா பிக்ஸலின் மைக்ரான் அளவை ஐந்தால் பெருக்குவது; அதுதான் எட்டவேண்டிய எஃப் எண், அதாவது குவியத்தூரத்தை டெலஸ்கோப் விட்டத்தால் வகுத்தால் வருவது. 2.9 மைக்ரான் என்றால் சுமார் எஃப் 15. அதற்குமேல் மங்கல்தான் பெரிதாகும்.

ஃபோகஸை வியாழன்மேல் பார்க்காமல் பக்கத்திலுள்ள அதன் நிலா ஒன்றின்மேல் பாருங்கள். அது ஊசிமுனையாகச் சிறுத்ததும் கையை எடுத்துவிட்டு, குழாயின் ஆட்டம் அடங்க ஐந்து வினாடி பொறுத்து, அதற்கப்புறம் பதிவை அழுத்துங்கள்.