துபாயில் ஃபிளாட் வாங்கிப் பதிவு செய்வது எப்படி? முதன்முறையாக வாங்குவோருக்கு

துபாயில் கட்டி முடிக்கப்பட்டு, ஒருவர் பெயரில் பதிவாகியுள்ள ஃபிளாட்டை, அந்நாட்டு விசா இல்லாதவரும் பாஸ்போர்ட்டை வைத்தே வாங்கித் தம் பெயருக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு நாளில் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் எந்தப் பணம், யார் பெயரில், எந்தக் கட்டத்தில் போக வேண்டும் என்ற வரிசை தவறினால் போன பணத்தை மீட்பது பெரும்பாடாகிவிடும். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

2006-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டப்படி, வளைகுடா நாட்டவர் அல்லாத வெளிநாட்டவர் அதற்கென அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே முழு உரிமையுடன் வாங்க முடியும். துபாய் மெரினா, டவுன்டவுன், பாம் ஜுமேரா, இன்டர்நேஷனல் சிட்டி ஆகியவை அத்தகைய பகுதிகள். நம்மவர்கள் நெடுங்காலமாக வாடகைக்குக் குடியிருக்கும் கராமா, தேரா பகுதிகளின் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த வகையில் சேராதவை.

படி 2: பணம் போகும் வழி

இந்தியாவில் வசிப்பவர், ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை மட்டுமே வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது நிலையான மாற்று விகிதம் என்பதால், 10 லட்சம் திர்ஹம் விலையுள்ள ஃபிளாட்டுக்கு ஏறத்தாழ 2,72,000 டாலர் தேவைப்படும். ஒருவருடைய ஓராண்டு வரம்புக்குள் அது அடங்காது. கணவன், மனைவி இருவரும் தத்தம் கணக்கிலிருந்து அனுப்பி, இருவர் பெயரிலும் வாங்குவது நேரான வழி. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி டிசிஎஸ் என்ற வரியை அனுப்பும்போதே பிடித்துக்கொள்ளும். பின்னர் வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

விலைக்கு மேல் வரும் செலவையும் இப்போதே எழுதிப் பாருங்கள். அதே 10 லட்சம் திர்ஹம் ஃபிளாட்டுக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 40,000. பதிவு அலுவலகச் சேவைக் கட்டணம் வாட் வரியுடன் 4,200. உரிமைப் பத்திரத்துக்கு 580. ஏஜென்ட் கமிஷன் வழக்கமான 2 சதவீதம் என்றால் வாட் வரியுடன் 21,000. ஆக மொத்தம் 65,780 திர்ஹம். பதிவுக் கட்டணத்தை வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதியாகச் செலுத்த வேண்டும் என்பதே விதி. நடைமுறையில் முழுவதையும் வாங்குபவர் தலையில் வைத்துவிடுகிறார்கள். பேரம் பேசும்போதே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: உரிமையைச் சரிபார்த்தல்

தமிழ்நாட்டில் பத்திரம் பதிவாகியிருப்பது மட்டும் உரிமைக்கு உத்தரவாதம் ஆகாது என்பதால், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று பின்னோக்கிப் போகிறோம். துபாயில் நிலத் துறையின் பதிவேட்டில் உள்ள பதிவே உரிமைக்குச் சான்று. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை அன்று. நிலத் துறையின் 'துபாய் ரெஸ்ட்' செயலியில் உரிமைப் பத்திரத்தின் எண்ணைக் கொடுத்தால் அது செல்லத்தக்கதா என்பது தெரிந்துவிடும். ஏஜென்ட்டின் உரிம எண்ணையும் அதிலேயே பார்க்கலாம். உரிமம் இல்லாதவர் எவ்வளவு நெருங்கிய பழக்கமானவராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

ஃபிளாட்டின் மீது வங்கிக் கடன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். அந்தப் பணத்தைப் பதிவு அலுவலகத்தின் வழியாக மட்டுமே கொடுங்கள். கட்டடத்தின் பராமரிப்புக் கட்டணம் ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் வாடகை வருமானத்தை நம்பி வாங்குபவரின் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் பிசகுகிறது.

படி 4: ஒப்பந்தம்

விற்பனை ஒப்பந்தத்துக்கு 'ஃபார்ம் எஃப்' என்ற அரசுப் படிவம் உண்டு. விலை, பதிவுக்கான கடைசித் தேதி, எந்தக் கட்டணம் யாருடையது, பின்வாங்கினால் என்ன ஆகும் ஆகியவை எல்லாம் இதில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் பின்னால் உதவாது. இந்தக் கட்டத்தில் விலையில் 10 சதவீதத்துக்கு ஒரு காசோலை கொடுப்பது வழக்கம். அது முன்பணம் அன்று, பிணை மட்டுமே. பதிவு முடிந்ததும் உங்களிடம் திரும்ப வர வேண்டும். யார் கேட்டாலும் அதை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

படி 5: தடையின்மைச் சான்று

கட்டடத்தைக் கட்டிய நிறுவனத்திடமிருந்து விற்பவர் என்ஓசி எனப்படும் இந்தச் சான்றை வாங்க வேண்டும். பராமரிப்புக் கட்டணப் பாக்கி முழுவதையும் தீர்த்த பிறகே அது கிடைக்கும் என்பதால், பழைய பாக்கி உங்கள் தலையில் விழாமல் காப்பதும் இதுதான்.

படி 6: பதிவு நாள்

நிலத் துறையின் அங்கீகாரம் பெற்ற பதிவு அலுவலகத்தில் இரு தரப்பினரும் நேரில் சந்திக்க வேண்டும். பாஸ்போர்ட், ஃபார்ம் எஃப், என்ஓசி, விற்பவர் பெயரில் வங்கி தரும் மேனேஜர் செக் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். செக்கில் உள்ள பெயர் உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரோடு எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். அலுவலர் ஆவணங்களைச் சரிபார்த்து, கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, இருவரின் கையொப்பமும் ஆனபின் புதிய உரிமைப் பத்திரம் உங்கள் பெயரில் வரும். செக்கும் அதே மேசையில் கைமாற வேண்டும். நேரில் போக முடியாதவர் பவர் கொடுக்கலாம். இந்தியாவில் எழுதிய பவர் அங்கே செல்ல, இந்திய வெளியுறவுத் துறையிலும் அமீரகத் தூதரகத்திலும் சான்றொப்பம் பெற்று, அரபியில் மொழிபெயர்த்திருக்க வேண்டும்.

பதிவுக்குப் பின், மின்சாரம், தண்ணீர் இணைப்பை, அவற்றை வழங்கும் 'தேவா' நிறுவனத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். முஸ்லிம் அல்லாதவர் அங்கேயே ஓர் உயிலைப் பதிவு செய்துவைப்பது நல்லது. இல்லையென்றால் வாரிசுகள் நீதிமன்றம் ஏறி இறங்க நேரும். இந்தியாவில் வரி செலுத்தும் குடியிருப்பாளர், வாடகை வராவிட்டாலும் இந்தச் சொத்தை ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். விட்டுவிட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு.