ஜிடிபி ஸ்டப்பில் மெமரி படித்தலும் எழுதுதலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிடிபி என்பது கணினியில் ஓடும் பிழைதேடும் மென்பொருள் (டீபக்கர்); அது கேட்பதைப் போர்டில் செய்து கொடுக்கும் சிறு நிரல்தான் ஸ்டப். பாம்பன், மண்டபம் பக்கம் நாட்டுப்படகில் மாட்டிய ஜிபிஎஸ் போர்டை சீரியல் கேபிள் வழியாக டீபக் செய்யும்போது, லைன் சுத்தமாக இருக்கும் என்று நம்பவே கூடாது. உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்கும். டீசல் இன்ஜினின் ஆல்டர்னேட்டர் இரைச்சல் வேறு.

ஆகவே, எழுதச் சொல்லி ஜிடிபி அனுப்பும் எம் (பெரிய எழுத்து M) பாக்கெட்டின் பைட்டுகளை வர வர மெமரியில் எழுதிவிடாதீர்கள். முழுதும் பஃபருக்கு வந்து, # குறிக்குப் பின்னுள்ள 2 இலக்கச் செக்சம் (சரிபார்ப்பு எண்) ஒத்துப்போன பிறகே எழுத வேண்டும். ஒத்துவராவிட்டால் கழித்தல் குறி அனுப்புங்கள், ஜிடிபி மறுபடி அனுப்பும். அந்தச் செக்சமும் வெறும் கூட்டல்தான். இரண்டு பைட் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. முக்கியமான இடமென்றால் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

பாக்கெட்டில் வரும் முகவரி, நீளம் இரண்டுமே ஹெக்ஸ் (16 அடிமான எண்). நீளம் 40 என்று வந்தால் 64 பைட். படிக்கக் கேட்டால், பைட்டுக்கு இரண்டாகப் பதிலுக்கு 128 எழுத்து. பஃபர் வழியும் இடம் பெரும்பாலும் இதுதான். லிட்டில் எண்டியன் (கடைசி பைட்டை முதலில் வைக்கும்) சிப்பில் 12345678 என்ற மதிப்பு 78563412 என்றே போக வேண்டும். 'அழகாக' திருப்பிப் போட்டால் எல்லாம் குழம்பும்.

எல்லை சோதிக்க முகவரியோடு நீளத்தைக் கூட்டாதீர்கள். 32 பிட்டில் கூட்டுத்தொகை சுழன்று பூஜ்யத்தருகே வந்துவிடும், சோதனையும் ஏமாறும். பகுதியின் முடிவிலிருந்து முகவரியைக் கழித்து, மிச்சத்தோடு நீளத்தை ஒப்பிடுங்கள். அதையும் மீறி பஸ் ஃபால்ட் (தொடக்கூடாத முகவரியைத் தொட்டால் சிப் எழுப்பும் பிழை) வந்தால் ஸ்டப்பே விழக்கூடாது; ஹேண்ட்லரில் ஒரு கொடி வைத்துப் பிழை எண் அனுப்புங்கள். படிப்பதில் பாதிதான் கிடைத்தால் அந்தப் பாதியை அனுப்பலாம். எழுதுவதில் பாதி போனால் அது பிழையே, ஓகே அல்ல.

டேட்டாவை ஹெக்ஸாக்காமல் பைனரியாகவே கொண்டுவரும் எக்ஸ் (X) பாக்கெட்டில் } வந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்த பைட்டை ஹெக்ஸ் 20-உடன் எக்ஸார் செய்ய வேண்டும். நீளம் என்பது இந்த } குறிகளை (எஸ்கேப்) நீக்கிய பிறகான எண்ணிக்கை. உள்ளே வரும் 03 வெறும் டேட்டா. கன்ட்ரோல்-சி (நிறுத்தச் சொல்லும் குறி) என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். நீளம் 0 என்றால், இந்தப் பாக்கெட் ஸ்டப்புக்குத் தெரியுமா என்று ஜிடிபி ஆழம் பார்க்கிறது, எதையும் தொடாமல் ஓகே சொல்லுங்கள்.

பெரிஃபெரல் ரெஜிஸ்டர்களில் (சிப்பின் துணைச் சாதனங்களை இயக்கும் முகவரிகளில்) கூடுதல் கவனம் வேண்டும். ஸ்டப் எந்த அகலத்தில் (ஒரே முறையில் எத்தனை பைட்) படிக்கும் என்பதற்கு நெறிமுறையில் உறுதி இல்லை. மெமரி விண்டோவில் யூவார்ட் (சீரியல் போர்ட்) டேட்டா ரெஜிஸ்டரைத் திறந்து வைத்தால், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஜிபிஎஸ் அனுப்பிய ஓர் எழுத்தை அது விழுங்கிவிடலாம். அந்த வரியின் செக்சம் தவறும், இருப்பிடமே வராது. ஆன்டெனாவைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் அந்த விண்டோவை மூடிப் பாருங்கள்.