மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? டவுனுக்கு இறங்குமுன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

தேயிலைத் தோட்டத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கு ஒரு தடவை போய்வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். நடக்க முடியாதவரையும் கூட்டிப் போனால் ஓட்டோக் கூலி வேறு. எங்கள் சின்னம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு நான் மூன்று தடவை போனேன். முதல் இரண்டும் வீண். அந்த இரண்டு நாள் உங்களுக்காவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இலங்கையில் குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் தரும் மாதக் கொடுப்பனவு 2024இல் 7,500 ரூபா, 2025இல் 10,000 ரூபாவானது. குடும்பத்துக்கு வரும் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணம் வேறு, இது வேறு. "வீட்டுக்குத்தான் வருகிறதே" என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

1. எந்த ஆபீஸ், யார், என்றைக்கு

நம் ஆட்கள் இன்னும் ஏ.ஜி.ஏ ஆபீஸ் என்று சொல்லும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார். அவரைத்தான் பார்க்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், தலவாக்கலை என்று புதிய செயலகங்கள் வந்துவிட்டதால், முன்பு கினிகத்தேனைச் செயலகத்துக்குப் போனவர்கள் இப்போதும் அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. உங்கள் டிவிசன் எதில் சேர்கிறது, உத்தியோகத்தர் எந்த நாளில் ஆபீசில் இருப்பார் என்று கிராம சேவகரிடம் முதலே கேளுங்கள். மற்ற நாட்களில் உத்தியோகத்தர் வீடுவீடாகப் பார்க்கக் கிளம்பியிருப்பார்.

2. பெயரைச் சரிபாருங்கள்

நான் அதிகம் அடிபட்ட இடம் இது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாங்க் புத்தகம், கிளினிக் கொப்பி நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக வாசியுங்கள். சின்னம்மா ஒன்றில் லெச்சுமி, இன்னொன்றில் லட்சுமி. தமிழ் தெரியாத யாரோ காதில் விழுந்தபடி எழுதியது, நாற்பது வருஷம் கழித்து ஒரு நாளைத் தின்றது. இப்படி இருந்தால் சமாதான நீதவான் ஒருவரிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்குப் பிறப்புப் பதிவே இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுங்கள்.

எல்லாவற்றிலும் இரண்டு போட்டோ கொப்பி. மழைக் காலமென்றால் பொலித்தீன் உறையில் போடுங்கள்.

3. வைத்தியரிடமும் உத்தியோகத்தரிடமும் என்ன சொல்வது

தோட்டத்து டிஸ்பென்சரி துண்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரின் சான்றிதழ் வேண்டும். கிளினிக் நாளிலேயே கேட்டு வாங்குவது லேசு.

ஆனால் கடதாசியைவிட முக்கியம், நாம் பேசும் விதம். "எப்படியம்மா இருக்கிறீங்க?" என்று உத்தியோகத்தர் கேட்டதும், சின்னம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பரவாயில்லங்க ஐயா, சமாளிக்கிறேன்" என்றார். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். முடியவில்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. ஆனால் அன்று காலை ரவிக்கைக்கு ஊக்கு மாட்டிவிட்டது என் தங்கச்சி. சோற்றைப் பிசைந்து கொடுத்தது நான்.

அதனால் போவதற்கு முதல் நாள் இரவு, ஒரு தாளில் காலையிலிருந்து படுக்கும்வரை எதற்கெல்லாம் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குப் போக, தலை சீவ, மருந்து போத்தல் மூடி திறக்க, லயத்து வரிசை வீட்டுப் படி இறங்க. கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒன்றையும் குறைக்கவும் வேண்டாம். யாருக்காக எழுதுகிறீர்களோ அவர் எதிரிலேயே அதைப் படித்துக் காட்டி, "இது சரிதானே சின்னம்மா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் எழுதுவது நல்லதில்லை.

4. கிராம சேவகர்

வதிவிடச் சான்றிதழும் வருமானம் பற்றிய உறுதியும் அவரிடம் வாங்க வேண்டும். பல லயங்களுக்கு வீட்டிலக்கம் கிடையாது என்பதால் தோட்டத்து ஆபீஸ் கடிதம் ஒன்றும் கேட்கக்கூடும். கிளாக்கர் ஐயாவிடம் முதலே சொல்லி வையுங்கள்.

5. ஆபீசில்

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழிதான், தயங்கத் தேவையில்லை. வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டாம். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்றவற்றுக்கும் உதவி உண்டா என்று அதே மேசையில் கேட்டுவிடுங்கள், இன்னொரு பயணம் மிச்சம்.

கொடுத்த படிவத்தின் கொப்பியில் திகதி முத்திரை வாங்குங்கள். பணம் கைக்கு வர நாளாகலாம், காத்திருப்போர் பட்டியல் என்றும் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் பட்டியலில் எத்தனையாவது என்று கேட்டு, உத்தியோகத்தரின் பெயரோடும் ஆபீஸ் தொலைபேசி இலக்கத்தோடும் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பி மட்டும்தான் எங்கள் வீட்டில் ஒருநாளும் தொலையாது.